நூறு ரூபாயில் எவ்வளவு போய்ச் சேரும்? நன்கொடை ஆய்வுகள் சொல்வது

ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கலாமா என்று யோசிக்கும்போது நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: நான் கொடுக்கிற நூறு ரூபாயில் உண்மையில் எவ்வளவு போய்ச் சேரும்? கேட்பதில் தப்பு எதுவும் இல்லை. பாடுபட்டுச் சம்பாதித்த காசு ஆபீஸ் வாடகைக்கும் அதிகாரியின் காருக்கும் போகக் கூடாது என்று நினைப்பது இயல்புதான். "உங்கள் நன்கொடை முழுவதும் பயனாளிகளுக்கே" என்று நிறுவனங்கள் விளம்பரம் செய்வதும் இந்த நினைப்பு தெரிந்துதான்.

ஆனால் கடந்த 20 ஆண்டுகளில் நன்கொடை பற்றி நடந்த ஆய்வுகளைத் தொடர்ந்து படித்தால் சங்கடமான ஒரு விஷயம் தெரியவருகிறது. நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நல்ல நிறுவனம், அதிகமாக இருந்தால் மோசமான நிறுவனம் என்ற அளவுகோல், நாம் யாருக்கு உதவ நினைக்கிறோமோ அவர்களையே பாதிக்கிறது. இதைச் சொல்வது நிறுவனங்களின் தலைவர்கள் மட்டும் அல்ல. பொருளாதார வல்லுநர்கள், உளவியலாளர்கள், கணக்குத் தணிக்கைகளை அலசியவர்கள் எல்லோரும் வேறு வேறு வழியில் போய் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். இந்தியாவிலோ இந்த அளவுகோல் சட்டத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. அதனால் இது எங்கிருந்து வந்தது, ஏன் இவ்வளவு பிடிமானமாக இருக்கிறது என்று பார்ப்பது அவசியம்.

முதலில், லாப நோக்கமற்ற நிறுவனம் என்று ஒன்று ஏன் இருக்கிறது? ஹென்றி ஹான்ஸ்மன் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் 1980-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். கடையில் அரிசி வாங்கினால், காசு கொடுத்தவரே அரிசியையும் பார்க்கிறார்; சரியில்லை என்றால் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார். நன்கொடையில் அப்படி இல்லை. சென்னையில் இருந்துகொண்டு பணம் அனுப்புகிறார் ஒருவர், ஒடிசாவில் ஒரு குழந்தைக்குச் சாப்பாடு போகிறது. போனதா, எப்படி இருந்தது என்று அனுப்பியவருக்குத் தெரிய வழி இல்லை. இந்த இடைவெளியில் நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் "மிச்சமாகும் லாபத்தை யாரும் பங்குபோட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது" என்ற கட்டுப்பாடு வந்தது என்றார் அவர். நம் கேள்வியின் வேர் இங்கே இருக்கிறது. பொருளைப் பார்க்க முடியாதவர், பார்க்க முடிகிற ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார். பார்க்க முடிவது கணக்கு. கணக்கில் சட்டென்று புரிவது ஒரு சதவீதம்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1990-ல், ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி என்ற பொருளாதார வல்லுநர் இன்னொரு பக்கத்தைப் பிடித்தார். அடுத்தவருக்கு நன்மை நடந்தால் போதும் என்று மட்டும் மனிதர்கள் கொடுப்பதில்லை. கொடுப்பதிலேயே ஒரு மனநிறைவு இருக்கிறது, அந்த நிறைவுக்காகவும் கொடுக்கிறார்கள் என்பது அவர் வாதம். தானம் செய்து வளர்ந்த நம் ஊருக்கு இது புதுச் செய்தி அல்ல. ஆனால் பொருளாதாரத்தில் இது சூத்திரமாக எழுதப்பட்ட பிறகு, அதைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகள் வரிசையாக வந்தன. அதுவரை பெரும்பாலும் கேள்வித்தாள் கொடுத்து "ஏன் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்த துறை, 2000-க்குப் பிறகு உண்மையான நன்கொடைக் கடிதங்களை உண்மையான மனிதர்களுக்கு அனுப்பிச் சோதிக்க ஆரம்பித்தது. இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இது என்று நினைக்கிறேன். மக்கள் சொல்வதும் செய்வதும் வேறாக இருக்கும் விஷயங்களில் நன்கொடைக்கு எப்போதும் முன்வரிசையில் இடம் உண்டு.

டீன் கார்லனும் ஜான் லிஸ்டும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு நல்ல உதாரணம். "நீங்கள் ஒரு டாலர் கொடுத்தால் இன்னொருவர் ஒரு டாலர் சேர்த்துப் போடுவார்" என்று சொல்லி 50,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கடிதம் அனுப்பினார்கள். அப்படிச் சொன்னதும் வசூல் 19 சதவீதம் கூடியது. சிலருக்கு "இரண்டு டாலர் சேரும்", சிலருக்கு "மூன்று டாலர் சேரும்" என்று எழுதியிருந்தார்கள். அதனால் கூடுதலாக எதுவும் நடக்கவில்லை. சேர்க்கும் தொகை பெரிதானால் வசூலும் பெரிதாகும் என்று வசூல் துறையில் பல ஆண்டுகளாக நம்பிவந்த விதி அந்தச் சோதனையில் நிற்கவில்லை. அதே ஆண்டு டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் ஐந்து டாலர் கையில் கொடுத்து நடத்திய சோதனையில், மாலி நாட்டு ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் கதையைப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவின் பஞ்சத்தைப் பற்றி லட்சக்கணக்கான மக்களின் புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் கொடுத்தது 1.14 டாலர். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தொகை 1.43-ஆக இறங்கிவிட்டது. ஒரு முகத்துக்கு இருக்கும் இழுப்பு எண்ணுக்கு இல்லை. எண் பக்கத்தில் வந்தால் முகத்தின் இழுப்பும் குறைகிறது.

நிர்வாகச் செலவு பற்றிய சோதனை இந்த வரிசையில்தான் வருகிறது. 2014 அக்டோபரில் 'சயன்ஸ்' இதழில் யூரி நீசி, எலிசபெத் கீனன், அயலெட் நீசி மூவரும் அதை வெளியிட்டார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கல்விக்கு உதவும் ஓர் அமெரிக்க அமைப்பு, 40,000 பேருக்கு நன்கொடை கேட்டுக் கடிதம் அனுப்பியது. அவர்கள் தலா 10,000 பேர் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். முதல் குழுவுக்குச் சாதாரண வேண்டுகோள் மட்டும். இரண்டாவது குழுவுக்கு, ஒருவர் ஏற்கெனவே 10,000 டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்திருக்கிறார் என்ற தகவல் சேர்ந்தது. மூன்றாவது குழுவுக்கு, நீங்கள் போடும் ஒவ்வொரு டாலருக்கும் அவர் ஒரு டாலர் போடுவார், 10,000 வரை என்ற தகவல். நான்காவது குழுவுக்கு, அந்த 10,000 டாலர் நிர்வாகச் செலவை முழுக்க ஏற்றுக்கொண்டுவிட்டது, இனி நீங்கள் கொடுப்பது ஒவ்வொரு டாலரும் நேராகத் திட்டத்துக்குப் போகும் என்ற தகவல்.

முதல் குழுவில் வசூலானது 8,040 டாலர். இரண்டாவதில் 13,220. மூன்றாவதில் 12,210. நான்காவதில் 23,120. ஏறக்குறைய மூன்று மடங்கு. கொடுத்தவர்களின் எண்ணிக்கையும் 3.36 சதவீதத்திலிருந்து 8.55 சதவீதமாக ஏறியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைசி மூன்று குழுக்களிலும் வெளியிலிருந்து வந்த தொகை ஒன்றுதான், 10,000 டாலர். அமைப்பின் வாடகையோ சம்பளமோ ஒரு டாலர்கூடக் குறையவில்லை. யாருடைய காசு எந்தப் பெட்டிக்குப் போகிறது என்ற கணக்கு மட்டும்தான் மாறியது. குழந்தைகளுக்குக் கிடைக்கும் நன்மைதான் நம் அக்கறை என்றால் இந்த மாற்றம் நம்மைத் தொடவே கூடாது. தொட்டது. ஆண்ட்ரியோனி சொன்ன மனநிறைவு அங்கேதான் வேலை செய்கிறது: என் காசு அந்தக் குழந்தையின் கையில் விழ வேண்டும், மேசை நாற்காலி வாங்குவது அடுத்தவர் காசாக இருக்கட்டும்.

சில அமைப்புகள் இதையே தங்கள் வழியாக அமைத்துக்கொண்டன. நியூயார்க்கில் 2006-ல் தொடங்கப்பட்ட 'சேரிட்டி: வாட்டர்' பொதுமக்கள் கொடுப்பதை முழுக்கக் குடிநீர்த் திட்டங்களுக்கு ஒதுக்கிவிட்டு, அலுவலகச் செலவைத் தனியாக ஒரு சிறு பணக்காரக் குழுவிடமிருந்து வாங்குகிறது. அவர்களுக்கு அது பலித்தது. ஆனால் திருவண்ணாமலைப் பக்கம் பத்துக் கிராமங்களில் மாலைப் பள்ளி நடத்தும் ஒரு டிரஸ்ட் அப்படி ஒரு குழுவை எங்கே போய்த் தேடும்? வாடகை கட்ட ஆள் இருக்கிறவர்கள் மட்டும் "100 சதவீதம்" என்று சொல்ல முடிகிறது. அப்படிச் சொல்ல முடியாதவர்கள் பக்கத்தில் நின்றால் ஏதோ தப்புச் செய்கிறவர்களைப் போலத் தெரிகிறார்கள்.

ஏன் இந்தச் சதவீதத்தை இப்படிப் பிடித்துக்கொள்கிறோம் என்பதற்கு அதே 2014-ல் லூசியஸ் கவியோலாவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு பதில் கண்டார்கள். ஒரே ஒரு நிறுவனத்தைத் தனியாகக் காட்டி மதிப்பிடச் சொன்னால் மக்கள் நிர்வாகச் செலவைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். இரண்டு நிறுவனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது அதிக உயிர்களைக் காப்பாற்றுகிறது என்பதையும் காட்டினால், பெரும்பாலோர் அதிகம் காப்பாற்றுகிற நிறுவனத்துக்கு மாறிவிடுகிறார்கள். அப்படியானால் மக்களுக்குப் பலனைப் பற்றி அக்கறை இல்லாமல் இல்லை. "ஓர் உயிருக்கு இவ்வளவு செலவு" என்று தனியாக ஓர் எண்ணைக் காட்டினால் அது நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியாது; "நிர்வாகத்துக்கு 5 சதவீதம்" என்றால் உடனே தெரிந்ததுபோல் இருக்கிறது. சாப்பாடு எப்படி என்று கேட்க வழியில்லாமல் கேஸ் பில்லைப் பார்த்து மெஸ்ஸைத் தேர்ந்தெடுக்கிற மாதிரிதான்.

சரி, ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். அதை மறைத்துக்கொண்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. 2015 மே மாதம் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையமும் 50 மாநிலங்களும் சேர்ந்து 'கேன்சர் ஃபண்ட் ஆஃப் அமெரிக்கா' உள்ளிட்ட நான்கு புற்றுநோய் அமைப்புகள்மீது வழக்குப் போட்டன. 18.7 கோடி டாலர் வசூலித்து, அதில் மிகச் சிறிய பங்கைத்தான் நோயாளிகளுக்குச் செலவழித்தார்கள், மீதி வசூல் ஏஜெண்டுகளுக்கும் நடத்தியவர்களின் குடும்பத்துக்கும் போனது என்பது குற்றச்சாட்டு. ஆனால் அந்த வழக்கின் ஒரு பகுதியைப் பலரும் கவனிப்பதில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பும் நன்கொடைப் பொருட்களின் மதிப்பு என்று 22.3 கோடி டாலரைக் கணக்கில் ஏற்றிக் காட்டியிருந்தார்கள் என்று ஆணையம் சொன்னது. அப்படி ஏற்றியதால் மொத்தத் தொகை பெரிதாகி, நிர்வாகச் செலவின் சதவீதம் சிறிதாகத் தெரிந்தது. ஏமாற்ற வந்தவருக்கு முதலில் கைவசமாவது இந்தச் சதவீதம்தான். நேர்மையாகக் கணக்கு எழுதுகிறவர்தான் அதில் மாட்டிக்கொள்கிறார்.

நேர்மையானவர்களையும் அது எப்படி வளைக்கிறது என்பதை ஓர் அமெரிக்க ஆய்வு தெளிவாகக் காட்டியது. இண்டியானா பல்கலைக்கழகமும் அர்பன் இன்ஸ்டிடியூட்டும் 2000-களின் தொடக்கத்தில் 2,20,000 தொண்டு நிறுவன வரிப் படிவங்களைப் பரிசோதித்தன. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நிறுவனங்கள் "நிதி திரட்ட எங்களுக்குச் செலவே இல்லை" என்று எழுதியிருந்தன. எட்டில் ஒன்று, நிர்வாகச் செலவே பூஜ்யம் என்றது. ஒரு போன்கூட இல்லாமல் ஒரு நிறுவனம் எப்படி நடக்கும்? துருவிப் பார்த்தபோது இவற்றில் பெரும்பாலானவை தவறாக எழுதியவை என்று தெரிந்தது. கூடவே நேரில் போய்ப் பார்த்த நிறுவனங்களில் ஆய்வாளர்கள் கண்டது: வேலை செய்யாத கணினிகள், வேலைக்கான பயிற்சி கிடைக்காத ஊழியர்கள், இடம் மாற்ற வந்த ஆட்களே தூக்க மறுக்கும் அளவுக்கு நைந்துபோன மேசை நாற்காலிகள்.

இதையெல்லாம் தொகுத்து ஆன் காகின்ஸ் கிரகரியும் டான் ஹோவர்டும் 2009-ல் எழுதிய கட்டுரை, இந்தச் சுழலைப் பட்டினிச் சுழற்சி என்று விவரித்தது. நிதி கொடுப்பவர் நிர்வாகத்துக்கு நடக்க முடியாத அளவுக்குக் குறைவாகக் கொடுக்கிறார். நிறுவனம் உண்மையைச் சொன்னால் நிதி போய்விடும் என்று பயந்து, செலவைக் குறைக்கிறது, குறைக்க முடியாததை வேறு தலைப்பில் மறைக்கிறது. மறைத்த கணக்கைப் பார்த்த நிதியாளர், "இவ்வளவுதான் ஆகும் போலிருக்கிறது" என்று அடுத்த ஆண்டும் அதையே எதிர்பார்க்கிறார். அவர்கள் உள்ளே போய்ப் பார்த்த நான்கு இளைஞர் நல அமைப்புகள் வெளியில் காட்டியது 13 முதல் 22 சதவீதம். உண்மையில் ஆனது 17 முதல் 35 சதவீதம். 2013-ல் அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடும் கைட்ஸ்டார், சேரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் மூன்றின் தலைவர்களும் சேர்ந்து நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள்: நிர்வாகச் செலவை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள் என்று. அந்தச் சதவீதத்தைப் பரப்பியதில் பங்குள்ளவர்களே அதற்கு எதிராக எழுதினார்கள். அதை நான் மதிக்கிறேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அங்கே மடல் எழுதி விவாதித்ததை இங்கே சட்டம் வேறு திசையில் தீர்த்துவைத்தது.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-ல் வந்த வடிவத்தில், வெளிநாட்டுப் பணத்தில் 50 சதவீதம் வரை நிர்வாகத்துக்குச் செலவிட அனுமதித்தது. 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அதை 20 சதவீதமாகக் குறைத்தது. எது நிர்வாகம் என்று 2011-ம் ஆண்டு விதிகள் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. அலுவலக வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, தபால், எழுதுபொருள், வண்டிப் பராமரிப்பு, கணக்கு எழுதும் செலவு, வக்கீல் கட்டணம், அறிக்கை எழுதித் தாக்கல் செய்யும் செலவு எல்லாம் அதில் உண்டு. மருத்துவமனை நடத்தினால் டாக்டர் சம்பளம், பள்ளி நடத்தினால் ஆசிரியர் சம்பளம் அதில் சேராது. கட்டடத்துக்குள் நடக்கும் சேவைக்கு இந்தப் பிரிப்பு ஓரளவு பொருந்தும். பழங்குடி மக்களின் நிலப் பட்டாவுக்காக வழக்கு நடத்தும் அமைப்புக்கு? அங்கே வக்கீல்தான் ஆசிரியர், வண்டிதான் வகுப்பறை. அந்த வேலையில் முக்கியமான செலவுகளெல்லாம் பட்டியலில் நிர்வாகத் தலைப்பைப் போலவே இருக்கின்றன. உதவி கொடுப்பதைவிட உரிமைக்காக நிற்கும் வேலையை இந்தப் பட்டியல் கூடுதலாக நெருக்குகிறது என்பது என் கருத்து.

அதே திருத்தம், ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதையும் தடைசெய்தது. எல்லோரும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் கணக்கு தொடங்கி வெளிநாட்டுப் பணம் பெற வேண்டும் என்றும் சொன்னது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஊர்ப்புறத்தில் இருக்கும் சிறிய குழுக்களுக்கு ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதவோ நேரடியாக வெளிநாட்டு நிதி வாங்கவோ வசதி இருக்காது. பெரிய அமைப்புகள் வாங்கி அவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதுதான் அதுவரை இருந்த வழி. 2021 கோடையில் கொரோனாவின் இரண்டாம் அலை வந்தபோது அந்த வழி அடைபட்டிருந்தது.

உள்நாட்டில் பெரிய புது ஊற்று சி.எஸ்.ஆர். எனப்படும் நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி விற்றுமுதல், அல்லது 5 கோடி லாபம் உள்ள கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும் என்ற விதி 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2014-15-ல் சுமார் 10,000 கோடியாக இருந்த இந்தச் செலவு 2022-23-ல் சுமார் 30,000 கோடி ஆனது. 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகள், நிர்வாக மேற்செலவு மொத்த சி.எஸ்.ஆர். செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. இந்த 5 சதவீதம் கம்பெனிக்குள் அந்தப் பிரிவை நடத்த ஆகும் செலவைப் பற்றியது. களத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தின் செலவைப் பற்றியது அல்ல. மத்திய கம்பெனி விவகார அமைச்சகமே அதே ஆண்டு இதை விளக்கிச் சொன்னது. ஆனாலும் பல கம்பெனிகள் தொண்டு நிறுவனங்களிடம் பேரம் பேசும்போது "சட்டத்தில் 5 சதவீதம்தான்" என்கின்றன. எதிரே உட்கார்ந்திருப்பவர் நிதி கேட்டு வந்தவர். விதியை எடுத்துக் காட்டி வாதாடும் நிலையில் அவர் இருப்பதில்லை.

5 சதவீதம் என்றால் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் திட்ட நிதி வாங்கும் ஒரு சிறிய டிரஸ்டுக்கு 5 சதவீதம் என்பது 50,000 ரூபாய். மாதத்துக்கு 4,166 ரூபாய். அதற்குள் ஆபீஸ் வாடகை, கரண்ட் பில், கணக்கு எழுதுகிற பெண்ணின் சம்பளம், ஆடிட்டர் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். அப்புறம் அரசே கேட்கும் வேலைகள் இருக்கின்றன. 2021-க்குப் பிறகு வரிவிலக்குப் பதிவையும், நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. 2021-22 முதல் ஒவ்வொரு நன்கொடையாளரின் விவரத்தையும் வருமான வரித் துறைக்குப் படிவம் 10பிடி-யில் தாக்கல் செய்து, அவர்களுக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். சி.எஸ்.ஆர். பணம் வாங்க சி.எஸ்.ஆர்.-1 பதிவு தனி. வெளிநாட்டுப் பணம் என்றால் அதற்கு வேறு கணக்கு, வேறு அறிக்கை. ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் சொல்ல முடியும். மோசடியைத் தடுக்க இவை வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். இவற்றைச் செய்ய ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளம் எல்லோரும் குறைக்கச் சொல்லும் அதே தலைப்பில்தான் வருகிறது. ஒரு கை கணக்கைக் கேட்கிறது, இன்னொரு கை கணக்கு எழுதுகிறவரின் சம்பளத்தை வெட்டுகிறது.

பிரிட்ஜ்ஸ்பான் என்ற ஆலோசனை அமைப்பு 2020 வாக்கில் இந்தியாவில் இதை அளந்து பார்த்தது. ஓரளவு நிதிவசதி உள்ள 40 முன்னணித் தொண்டு நிறுவனங்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, மறைமுகச் செலவு, அதாவது எந்த ஒரு திட்டத்திலும் நேரடியாகச் சேராத நிர்வாகம் போன்ற செலவு, 5 சதவீதத்திலிருந்து 51 சதவீதம் வரை இருந்தது. நடு எண் 19 சதவீதம்; பாதி நிறுவனங்கள் அதற்குக் கீழே, பாதி மேலே. 5-லிருந்து 51 வரை என்ற அந்த அகலம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரிசி மூட்டை விநியோகிக்கிற நிறுவனத்துக்கும், கிராமத்துப் பெண்களுக்கு ஊராட்சி நிர்வாகம் சொல்லிக்கொடுக்கிற நிறுவனத்துக்கும் ஒரே சதவீதம் பொருந்தாது. எல்லோருக்கும் ஒரே வரம்பு போடுகிற எந்த விதியும் யாரோ ஒருவரைப் பொய்க் கணக்கு எழுதவைக்கிறது.

வெளியே கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை 2015-ல் தன் திட்ட நிதிகளில் மறைமுகச் செலவுக்கான பங்கை 10-லிருந்து 20 சதவீதமாக உயர்த்துவதாக அறிவித்தது. அமெரிக்கக் கோடீஸ்வரர் மெக்கன்ஸி ஸ்காட் 2019-க்குப் பிறகு ஆயிரக்கணக்கான அமைப்புகளுக்கு எதற்குச் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லாமல் பெருந்தொகைகளைக் கொடுத்துவருகிறார். இப்படித் திடீரென்று வரும் பணம் நிறுவனங்களைக் கெடுத்துவிடும், நின்றதும் கவிழ்ந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருந்தது. நன்கொடையாளர்களை ஆராயும் அமெரிக்க அமைப்பான சென்டர் ஃபார் எஃபெக்டிவ் ஃபிலாந்த்ரபி அவர் கொடுத்த பணத்தைப் பற்றிச் சில ஆண்டுகள் தொடர்ந்து நடத்திய ஆய்வில் அந்தப் பயம் பெரும்பாலும் நிஜமாகவில்லை. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: அந்த ஆய்வு பெற்றுக்கொண்டவர்களிடமே கேட்டு எழுதியது, அந்த நிறுவனங்களும் முன்கூட்டியே அலசித் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அதை வைத்து எல்லா நிறுவனத்துக்கும் நிபந்தனையற்ற பணம் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

சதவீதத்தைக் கேட்காவிட்டால் வேறு என்ன கேட்பது? பலனைக் கேட்கலாம் என்பது எளிய பதில். அதற்கும் விலை உண்டு. குழந்தைகளின் கல்விக்காக வேலை செய்யும் பிரதம் அமைப்பின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பின்தங்கிய குழந்தைகளுக்கு அந்தந்தப் பகுதி இளம்பெண்களை வைத்துத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் திட்டத்தை, பொருளாதார வல்லுநர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழு 2001 முதல் மும்பையிலும் வதோதராவிலும் சோதித்தது. குழந்தைகள் முன்னேறினார்கள். அடுத்து உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூரில் தன்னார்வலர்களை வைத்துச் செய்தபோது, வந்த குழந்தைகள் நன்றாகப் படித்தார்கள், ஆனால் வந்தவர்கள் மிகக் குறைவு. அரசுப் பள்ளிகளுக்குப் புத்தகமும் பயிற்சியும் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. 2013-14-ல் பள்ளிக்குள்ளேயே குறுகிய கால முகாம்களாக நடத்தியபோதுதான் பெரிய அளவில் பலித்தது. பத்து ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. நடுவில் கிடைத்த தோல்விகளை மறைக்காமல் அளந்ததால்தான் கடைசி வடிவம் கிடைத்தது. அந்த அளவீடு, பயிற்சி, தரவு ஆட்கள் எல்லாம் ஒரு சாதாரண நன்கொடைப் பட்டியலில் எந்தத் தலைப்பில் வரும்? "குழந்தைக்குப் போகாத பணம்" என்ற தலைப்பில்தான்.

எல்லா வேலையையும் இப்படி அளக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனிதக் கழிவை மனிதர் அள்ளும் முறையை ஒழிக்கப் போராடுகிறவர்களின் வெற்றி ஒரு தேர்வு மதிப்பெண்ணாக வராது. அளக்க முடிவதற்கு மட்டுமே நிதி என்று போனால் அதுவும் இன்னொரு குறுகலான அளவுகோலாக மாறிவிடும். நன்கொடை ஆய்வுகளில் இப்போது சூடாக நடக்கும் விவாதங்களில் இதுவும் ஒன்று.

இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்கக் கடிதங்களையும் அமெரிக்கக் காசோலைகளையும் வைத்து நடந்தவை என்பதை மறக்கக் கூடாது. அசோகா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2020 அக்டோபர் முதல் 2021 செப்டம்பர் வரை இந்தியக் குடும்பங்கள் கொடுத்ததைக் கணக்கெடுத்தது. 87 சதவீதக் குடும்பங்கள் ஏதோ ஒரு வகையில் கொடுத்திருந்தன. மொத்தம் சுமார் 23,700 கோடி ரூபாய். அதில் 16,600 கோடி மத நிறுவனங்களுக்கு, 2,900 கோடி யாசகம் கேட்பவர்களுக்கு. மதம் சாராத அமைப்புகளுக்குப் போனது 1,100 கோடி, வெறும் 5 சதவீதம். உண்டியலில் போடும்போது நாம் சதவீதம் கேட்பதில்லை. வாசலில் வந்து நிற்பவருக்குப் போடும்போதும் கேட்பதில்லை. அங்கே நம்பிக்கை வேறு ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. அது எது, அதைத் தொண்டு நிறுவனங்கள் எப்படிச் சம்பாதிக்கும் என்பதை ஆராய நம் ஊரிலேயே சோதனைகள் நடக்க வேண்டும். நீசி குழுவின் கடிதத்தை மதுரையில் தமிழில் அனுப்பினால் என்ன வரும் என்று ஊகிக்க எனக்கு விருப்பமில்லை. யாராவது அனுப்பிப் பார்க்க வேண்டும்.

அதுவரை, ஆண்டுக்குச் சில ஆயிரம் கொடுக்கும் ஒருவர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நம்பிக்கையான ஒரு சிறு நிறுவனத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, கொடுக்கும் தொகையைப் பொதுச் செலவுக்கு என்று எழுதிக் கொடுக்கலாம். பழைய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி சலுகை, திட்டத்துக்குக் கொடுத்தாலும் வாடகைக்குக் கொடுத்தாலும் ஒன்றேதான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால்தான் அது கிடைக்காது. "கார்ப்பஸ்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் பலர் அப்படி எழுதுகிறார்கள். கார்ப்பஸ் என்று குறித்த பணத்தை நிறுவனம் வைப்பில் போட்டுவைக்க வேண்டும், இந்த மாதச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது.